துண்டுச் சீட்டுகளில் கற்ற ஸ்பானிய மொழி

காலை ஏழு பத்து. அச்சகத்தின் அரைக்கதவுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பு இல்லை. வலது கணுக்காலில் சேறு தெறித்திருந்தது. கால்களுக்கு மேல் கைலியின் கரை, அதற்கு மேல் கதவு. ஆள் உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

நான் அப்போது பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கப்பல் வரத்துப் பட்டியல் எழுதுவதும் என் வேலை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். என் மச்சான் வேலை பார்த்த துணிக்கடையின் சின்ன முதலாளி நின்றிருந்தார். செருப்பில்லாமல் அவரை அதற்குமுன் பள்ளிவாசலில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

“உள்ள யாரும் இருக்காங்களா தம்பி?”

“எட்டு மணிக்குத்தான் வருவாங்க நானா. என்ன விஷயம்?”

அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு நீள உறையை எடுத்தார். அரக்கு முத்திரை. உள்ளே தட்டச்சில் இரண்டு தாள்கள், இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. நடுவில் ஒரு பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சின்ன முதலாளியின் சொந்தப் பெயர்.

“இது என்ன வார்த்தை?” என்று பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை விரலால் தொட்டார். ‘difunto’ என்று இருந்தது. அலுவலகத்தின் பழைய இங்கிலீஷ் அகராதியில் அதற்கு நெருக்கமான சொல் ஒன்று உண்டு. நான் பார்த்துச் சொன்னேன்.

“அப்ப நான் செத்துட்டேன்னு போட்டிருக்கான்” என்றார். சிரிக்க முயன்றார். “காலையில பசியாறக்கூட இல்லியே தம்பி.”

அவர் ஏன் பயந்தார் என்பதையும் நான் ஏன் பயந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக்கு மணிலாவுக்குத் தெற்கே ஒரு துறைமுகத்தில் கிளை இருந்தது. அங்கே நம்மவர்கள் புதிதாக இறங்குவதை அமெரிக்கர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். கோர்ட்டுக் காகிதங்கள் மட்டும் அங்கே இன்னும் பழைய ஸ்பானிய மொழியில்தான் வரும். பழைய வியாபாரி என்று பதிவுச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் போய்வரலாம். கடையில் அப்படி ஒரே ஒரு சீட்டு இருந்தது. சின்ன முதலாளி இளவயதில் அங்கே போனபோது வாங்கியது. அதில் படம் கிடையாது. உயரம் நடுத்தரம், நிறம் மாநிறம், அங்க அடையாளம் எதுவுமில்லை என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு அது பொருந்தும். அவர் திரும்பியபின் அதே சீட்டோடு, அதே பெயரில், ஒருவர் மாற்றி ஒருவர் மூன்று வருடத் தவணையில் போய்வந்தார்கள். மூன்று வருடம் முடிந்தவர் இடைவழித் துறைமுகமான சண்டகானுக்கு வந்து, அங்கே காத்திருக்கும் மாற்று ஆளிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறுவார். வாங்கிக்கொண்டவர் அந்தப் பெயராக மாறிக் கிளைக்குப் போவார். இதை யாரும் தவறாக நினைத்ததில்லை. கடைச் சாவியைக் கைமாற்றுவதுபோலத்தான் நினைத்தார்கள்.

அந்த வருடம் தவணை முடிந்தவர் என் மச்சான், லாத்தாவின் கணவர். லாத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்காள்தான். மாற்று ஆள் இரண்டு மாதத்துக்கு முன்பே பினாங்கிலிருந்து கப்பல் ஏறியிருந்தார். கடிதத்தில் இறந்த தேதி எண்ணில் இருந்ததால் அதை உடனே படிக்க முடிந்தது. முப்பத்திரண்டு நாளைக்கு முந்திய தேதி. சீட்டுக் கைமாற வேண்டிய வாரமும் ஏறக்குறைய அதுதான்.

சின்ன முதலாளியின் பெயரில் ஒருவர் அங்கே இறந்திருக்கிறார். கைமாறியிருந்தால் இறந்தது மாற்று ஆள், மச்சான் கடலில் வந்துகொண்டிருக்கிறார். மாறவில்லையென்றால் இறந்தது மச்சான்.

“சண்டகானுக்குத் தந்தி அடிங்க நானா.”

“நேத்தே அடிச்சேன். நம்ம ஆளுங்க தங்குற சாப்பாட்டுக்கடைக்கு. பதில் வந்திருச்சு.” மடித்த தாளைக் கொடுத்தார். ‘உங்கள் ஆள் இங்கே இல்லை’ என்று இருந்தது. எந்த ஆள் என்று இல்லை.

“வக்கீல்கிட்ட காட்டுவோம்.”

“காட்டினா? உசுரோட இருக்கிறவன் பேர்ல எவன் செத்தான்னு கேப்பான். கடையில அஞ்சு பேரு, அஞ்சு பேரையும் உள்ள போடுவான். நீதான் பேப்பர்ல இருக்கியே, எழுத்துப் படிச்சவன், நீ கண்டுபிடி. யாருக்கும் காட்டாதே லா.”

உறையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது கதவருகில் நின்று, தான் எங்கே செருப்பை விட்டோம் என்பதுபோல் தரையைப் பார்த்தார்.

ஒரு கடிதத்தைப் பிறருக்குக் காட்டாமல் பிறரைக் கொண்டு படிப்பதற்கு ஒரு வழி எங்கள் அச்சகத்திலேயே இருந்தது. வெளியே தெரியக்கூடாத செய்தி வந்தால் ஆசிரியர் கைப்பிரதியைக் கத்தரியால் வரிவரியாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக எழுத்துக் கோப்பவர்களிடம் கொடுப்பார். யாருக்கும் முழுச் செய்தி தெரியாது. நான் கடிதத்தை வெட்டவில்லை. அதிலிருந்து சொற்களை மட்டும் துண்டுச் சீட்டுகளில் எழுதினேன், ஒரு சீட்டுக்கு ஒரு சொல். நடுநடுவே கலப்பதற்கு மணிலாச் சுருட்டுப் பெட்டியின் மூடியிலிருந்து சில சொற்களை எடுத்துக்கொண்டேன். பெட்டி பத்திரிகை முதலாளியுடையது.

பினாங்கு ரோட்டில் ஊமைப்படம் காட்டும் கொட்டகையில் திரைக்கு முன்னால் வாத்தியம் வாசிப்பவர்களில் பாதிப்பேர் மணிலாக்காரர்கள். அவர்களில் கிளாரினெட் வாசிப்பவர் மட்டும் தினம் மூன்று மணிக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் தனியாக உட்காருவார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பேசியது கடைத்தெரு மலாய். அவரை நான் அபாங், அண்ணன், என்று கூப்பிட்டேன். எங்கள் ஆட்களை எல்லாரும் கூப்பிடுவதுபோல் அவர் என்னை மாமாக் என்றார்.

மணிலாப் பத்திரிகைகளிலிருந்து செய்தி எடுக்க ஸ்பானிய மொழி கற்க ஆசை என்று சொன்னேன். காப்பி நான் வாங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் ஐந்து சீட்டு வைத்தேன்.

“தபாக்கோ. இது புகையிலை. இதுகூடத் தெரியாதா?” என்றார். அடுத்ததை எடுத்தார். “எரெதேரோ. ஒருத்தன் செத்தா அவன் சாமானை எடுத்துக்கிறவன்.”

“வாரிசா?”

“உங்க பாஷையில என்னவோ. அழுதுகிட்டே எடுக்கிறவன்.”

வியூதா என்றால் விதவை. அதைச் சொல்லும்போது அவர் சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்று மாலை கப்பல் பட்டியலில் ஒரு கப்பலை இரண்டு முறை எழுதிவிட்டேன். ஆசிரியர் என் நீல மெய்ப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கி, என் கண்ணெதிரே ஒன்றை அடித்தார். எட்டு வருட வேலையில் அது முதல் தடவை.

இரண்டாம் நாள் எரென்சியா, அது பரம்பரைச் சொத்து. அபின்தெஸ்தாதோ, மரணசாசனம் எழுதாமல் போனவன். அல்பாசேயா, சாசனப்படி பிரித்துக் கொடுக்க நியமிக்கப்பட்டவர். உவெர்ஃபானா, தகப்பனில்லாத பெண்குழந்தை. இந்தச் சொற்களை வேகமாக மனதில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு இரண்டு மொழிகள் வராமல் போயிருக்கின்றன, முயன்றும். இது தானாக வந்து ஒட்டியது. டிராம் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே ஒரு பெண்ணைக் கண்டால் வியூதா என்று மனம் சொல்லிவிடும். அவள் கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

மூன்றாம் நாள் அவர் சீட்டுகளைப் பரப்பி, சுருட்டுப் பெட்டிச் சொற்கள் இரண்டையும் ஒதுக்கி வைத்தார்.

“இதெல்லாம் வேண்டாம் மாமாக். மிச்சம் மூணும் ஒரே காகிதத்தில இருந்து வருது. எந்தப் பத்திரிகையும் இப்படி எழுதாது.”

நான் சீட்டுகளைத் திரட்டப் போனேன்.

“பயப்படாதே. இந்த வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்க அப்பா செத்தப்ப என் மூணு அண்ணன்மாரும் சேர்ந்து கத்துக்கொடுத்தாங்க. கடைசியில வீடு அவங்களுக்கு, கிளாரினெட் எனக்கு.” காப்பியை உறிஞ்சினார். “எல்லாத்தையும் ஒரேயடியாக் கொண்டுவாயேன். படிச்சுச் சொல்றேன்.”

“முடியாது அபாங்.”

“சரி. அப்ப ஒவ்வொண்ணா.”

அவர் மறுபடி கேட்கவே இல்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங்குக்குப் போனேன். லாத்தா ஆறு வயது மகளோடு அங்கே ஓர் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்ததும் கையில் புதிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். தலையில் பூ. நோன்புக்கு முன் வந்துவிடுவதாக மச்சான் கடைசியாக எழுதியிருந்தார்.

“கப்பல் பட்டியல் உன் கையிலதானே இருக்கு. எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றாள்.

“சிங்கப்பூர்ல இருந்து வாரத்துக்கு மூணு கப்பல் வருது லாத்தா. ஆள் பேர் எனக்கு வராது.”

“ஆள் பேர் வந்தாலும் அவங்க பேர் எங்க இருக்கப் போவுது? அந்த மனுசனோட பேர்லதான் இருக்கும்.” சின்ன முதலாளியைச் சொன்னாள். “மூணு வருசமா ஊருக்கு அவர் பொண்டாட்டி ஒருத்தி, இந்தச் சீட்டுக்கு நான் ஒருத்தி.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

மருமகள் வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றாள். சிவப்புச் சப்பாத்து வருமா என்று கேட்டாள். நான்கு மாதத்துக்கு முன், அவள் வாப்பா சப்பாத்து வாங்க அளவு கேட்டிருக்கிறார் என்று லாத்தா என்னை வரச்சொன்னாள். குழந்தையைத் தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து கொடுத்தது நான்தான். கூச்சத்தில் அவள் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை வரைய வேண்டியிருந்தது.

“வரும்” என்றேன்.

திரும்பும் வழியில், மாற்று ஆளின் மனைவி ஆள் விட்டனுப்பியிருந்ததால், பள்ளிவாசல் பக்கம் இருந்த அவள் வீட்டுக்கும் போனேன். எங்கள் தெருப் பெண்களில் பலருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன்.

“கூரையை மாத்தியாச்சுன்னு எழுதுங்க தம்பி. ஆடு குட்டி போட்டிருக்கு. ரெண்டு. அப்புறம்... அங்க தண்ணிய காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. இல்ல, அதை முதல்ல எழுதுங்க.”

“எழுதிட்டேன்மா. பரவாயில்ல, கீழ இருக்கட்டும்.”

“மேல எழுதுங்க தம்பி. அவங்க கடைசி வரைக்கும் படிக்க மாட்டாங்க.”

வேறு தாள் எடுத்துத் தண்ணீரை முதலில் எழுதினேன். உறையின் மேல் சின்ன முதலாளியின் பெயரை எழுத வேண்டியிருந்தது. அங்கே அவள் கணவனுக்கும் அதுதான் பெயர். கடிதத்தில் செத்தவன் என்று தட்டச்சில் அடித்திருந்த அதே பெயர். எழுதினேன். எழுதும்போது, இந்த உறை போய்ச் சேரும் இடத்தில் வாங்குவதற்கு ஆளில்லாமல் இருக்கட்டும் என்று என் மனம் கேட்டது. அப்படித்தான் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஆட்டுக்குட்டிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாட்களில் முதல் தாள் முழுவதும் சொற்களாகக் கைக்கு வந்தது. கெடு என்பது பிளாஸோ. கோர்ட்டில் வந்து நிற்பது கொம்பரெசேர். ஊசுஃப்ருக்தோ என்ற சொல்லை விளக்க மணிலாக்காரருக்கு ஒரு காப்பி முழுவதும் ஆயிற்று. வீடு மகளுக்கு, அதில் குடியிருக்கும் உரிமை மட்டும் தாய்க்கு என்று முடித்தார். எங்கள் பங்கீட்டில் பிள்ளை உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று, அது அவளுடையதேதான் என்று சொன்னேன்.

“உங்க விதவை தேவலை” என்றார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தது இவ்வளவு: இன்ன பெயருடையவர், வியாபாரி, காய்ச்சலில் இறந்தார், சாசனம் இல்லை, விதவையோ வாரிசுகளோ இருந்தால் அறுபது நாளுக்குள் வந்து நிற்க வேண்டும், பொருட்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. எவர் என்று முதல் தாளில் எங்கும் இல்லை. கோர்ட்டுக்கு அவர் அந்தப் பெயர்தான்.

சின்ன முதலாளியிடம் சொன்னேன். கடையின் பின்கட்டில் துணிப்பொதிகளுக்கு நடுவே நின்று கேட்டார். இப்போது செருப்புப் போட்டிருந்தார்.

“யாரு போய் நிக்கிறது? உன் லாத்தாவோ, மாத்திவிடப் போனவன் பொண்டாட்டியோ, ரெண்டு பேர்ல ஒருத்தி என் விதவைன்னு கையெழுத்துப் போடணும். என் பொண்டாட்டி கேட்டான்னா அவளே என்னை மவுத்தாக்கிருவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போய் நிக்கிறது வேணாம் தம்பி. யார்ன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். ரெண்டு வீட்டுக்கும் முன்னாடி என்னால போகமுடியல. தெருவைச் சுத்திக்கிட்டு வர்றேன்.”

நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் பட்டியல் எப்போதும் அடியில் போகும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அந்தப் பழக்கத்தில் இரண்டாம் தாளை நான் பொருட்படுத்தவே இல்லை. உண்மை கனமான சொற்களுக்குள் இருக்கும் என்று நினைத்து, வாரிசையும் சாசனத்தையும் ஒன்பது நாள் கற்றேன். சட்டை, சாவி போன்ற சொற்களைப் பத்தாம் நாள்தான் சீட்டில் எழுத ஆரம்பித்தேன். பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்குப் பட்டியலின் கடைசிப் பகுதியைக் கொண்டுபோனேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. கொட்டகைக்காரர்கள் அன்றைய படத்தின் தட்டியை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மணிலாக்காரர் சீட்டுகளை வாங்கி, என்னைக் கேட்காமலே, நான் எழுதிவந்த வரிசையில் அடுக்கினார்.

“இடுப்பில கட்டுற வார். உங்க ஆளுங்க கட்டுற மாதிரி, பை வச்சது. இந்த வார்த்தை, உடம்பில போட்டிருந்ததுன்னு அர்த்தம். சாகும்போது கட்டியிருந்த வார்.” அடுத்த சீட்டு. “சாவி. ஒண்ணு. அப்புறம் காகிதம். மடிச்சது.”

“என்ன காகிதம்? கடிதமா?”

“இல்ல. பொறு. திபூஹோ. படம், கையால வரைஞ்சது. பியே, கால். பாதம்.” தன் காலைத் தூக்கிக் காட்டினார். “பெக்கேன்யோ. சின்னது. சின்னப் பாதம் வரைஞ்ச காகிதம். லாப்பிஸ், அது பென்சில்.”

ஒரு சீட்டு மீதி இருந்தது. அஸூல் என்று எழுதியிருந்தேன்.

அவர் அதற்கு மலாய்ச் சொல்லைச் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் செருகியிருந்த மெய்ப்புப் பென்சிலைப் பார்த்தார். கையை நீட்டி அதன் முனையைத் தொட்டார்.

“இது” என்றார்.

கொட்டகையில் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ வாசலில் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். போகச் சொல்லிக் கையை அசைத்தார். என் காப்பி ஆறிப்போயிருந்தது. அதை என் பக்கமிருந்து எடுத்து வேறு மேசையில் வைத்துவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். அன்று காசு அவர் கொடுத்தார்.

மாற்று ஆள் சண்டகானுக்கு உள்ளே, ஆற்றோரம் ஒரு மரம் வெட்டும் முகாமில் கூலி வேலை பார்த்தபடி சீட்டுக்காகக் காத்திருந்தார் என்பது அடுத்த வாரம் அவர் கடிதத்தில் தெரிந்தது. வியாழக்கிழமை எனக்கு அது தெரியாது. தெரியவேண்டியிருக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு, பள்ளிவாசல் லெபையையும் சின்ன முதலாளியையும் கூட்டிக்கொண்டு ஜெலுத்தோங்குக்கு டிராமில் போனேன். சாலை முனையில் இறங்கியதும் சின்ன முதலாளி, “நீ முன்னால போ. என் மூஞ்சியப் பாத்தா அதுக்கு விளங்கிரும்” என்றார்.

லாத்தா எங்கள் மூவரையும் ஒன்றாகப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. அவரைத்தான் கேட்டாள்.

“உங்க பேர்ல யாரு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேற ஆளா இருக்கலாம்ல தம்பி? மாத்தி விட ஒருத்தர் போனாங்கல்ல?” என்றாள் என்னிடம்.

“வார்ப் பையில ஒரு காகிதம் இருந்திருக்கு லாத்தா. பாதம் வரைஞ்சது. நீலப் பென்சில்ல.”

அவள் உள்ளே போனாள். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் குரல் கேட்டது. பிறகு வளையல்களைக் கழற்றும் ஓசை, ஒவ்வொன்றாக. அவை சிறிய அளவு. சிரமப்பட்டுத்தான் போட்டிருக்க வேண்டும்.

லெபை வெளியில் பாயில் உட்கார்ந்து, நீலப் பென்சிலைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். வரைந்தது நான்தானா, வேறு யாருக்காவது அப்படி வரைந்து கொடுத்ததுண்டா. பதில் சொன்னேன். போதும் என்றார். இத்தா, அதாவது கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம், நான்கு மாதம் பத்து நாள். கணவன் இறந்த நாளிலிருந்து கணக்கு, செய்தி தெரிந்த நாளிலிருந்து அல்ல என்று கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார். என்னிடம் கடிதத்தின் தேதியைக் கேட்டு, விரல் கணுக்களில் எண்ணினார்.

நாற்பத்து மூன்று நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது.